அப்பா தட்டில் மீன்



ஞாயிற்றுக்கிழமை மதியம். மீன் குழம்பு வாசம் தெருமுனை வரை வருகிறது. வீடே சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறது. ஒருவருக்கு மட்டும் ரசம் சாதம். "உங்களுக்குக் காரம் ஆகாது மாமா, டாக்டர் சொன்னாருல்ல?" அவரும் பேசாமல் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். உங்கள் வீட்டிலும் நடப்பதுதானே?

சோழவந்தானில் எங்கள் அப்பாவுக்கும் இதுதான் நடந்தது. கண்மாய் மீனிலேயே வளர்ந்த மனிதர். வயிற்றுப்புண் வந்த பிறகு காரம் வேண்டாம் என்றார்கள். மீனே வேண்டாம் என்று நாங்களாக முடிவு கட்டிவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மதுரைப் பக்கம் மீன் என்றால் புளிக்குழம்பு, இல்லாவிட்டால் வறுவல். இரண்டுமே காரம். யாழ்ப்பாணத்தில் பாருங்கள், தேங்காய்ப் பாலில் மீன் சொதி வைக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் மீனை வேகவைத்து, க்ரீமும் தழையும் சேர்த்த சாஸை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அந்த க்ரீமுக்கு நாம் எங்கே போக வேண்டும்? நமக்குத்தான் தேங்காய்ப் பால் இருக்கிறதே. சோழவந்தான் என்றதும் வெற்றிலையைத்தான் சொல்வார்கள்.  என்னைக் கேட்டால் எங்கள் ஊர்த் தேங்காயும் அதற்குக் குறைந்ததில்லை.

வயதானவர்களுக்கு விரால் நல்லது, முள் குறைவு. கெண்டை வேண்டாம், சதைக்குள் பொடி முள். கண்மாய் மீனுக்கே உள்ள மண் வாடை போக, கல் உப்புப் போட்டு உரசிக் கழுவி, கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள்.

மண்சட்டியில் தேங்காயின் இரண்டாம் பால், நறுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், உப்பு. வெங்காயம் வெந்ததும் தீயைக் குறைத்து மீனைப் போடுங்கள். இனிமேல்தான் கவனம் வேண்டும். சட்டி ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி வரலாம், நடுவில் கொதி வரக்கூடாது. கொதித்தால் மீன் சதை இறுகி நார் நாராகிவிடும். கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் சதை வெள்ளையாகி, தொட்டால் அடுக்கடுக்காகப் பிரியும்.

ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் நாலு புதினா இலையும் முதல் பாலோடு அரைத்து ஊற்றி, சூடேறியதும் இறக்கிவிடுங்கள். முதல் பால் கொதித்தால் திரிந்துபோகும், தழையின் பச்சையும் மங்கிவிடும். எலுமிச்சை பிழிவதானால் இறக்கிய பிறகு, இரண்டே சொட்டு.

மிளகாய்த்தூள் இல்லை, புளி இல்லை, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. உப்பு மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்கு.

பிள்ளைகளுக்குக் குழம்பு வைக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? தாராளமாக வையுங்கள். பக்கத்து அடுப்பில் இந்தச் சின்னச் சட்டியும் இருக்கட்டும். பரிமாறும்போது உட்கார்ந்து, முள் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.