பத்தாவது இன்னிங்ஸில் ஓர் இலவச ஓட்டக்காரர்

ஏப்ரல் மாத ஆட்டம்தானே, யார் ஜெயித்தால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏப்ரல் வெற்றிக்கும் செப்டம்பர் வெற்றிக்கும் பட்டியலில் ஒரே மதிப்புதான்.

இருந்தும், ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து ஆட்டம் சமனில் நின்றால், பத்தாவது தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரைச் சும்மா கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர் பந்தை அடிக்கவுமில்லை, பிட்சர் தடுமாறி அவரை அனுப்பவுமில்லை. 2020இல் கொரோனா காலத்துக்கென்று வந்த இந்த விதியை 2023இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

நான் ரோட் ஐலண்டில் குடியேறிப் பல வருடங்களாகின்றன. இங்கே பாவ்டக்கெட் ஊரில் மெக்காய் அரங்கம் இருந்தது. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏப்ரல் மாலைகளில் மைனர் லீக் ஆட்டம் பார்க்க நான் பழகியது அங்கேதான். பக்கத்து இருக்கைப் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கதை, 1981 ஏப்ரல் 18 இரவு பாவ்டக்கெட்டும் ராசெஸ்டரும் மோதியது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. ஒன்பதாவதில் பாவ்டக்கெட் ஒரு ரன் எடுத்து 1-1 ஆக்கியது. இருபத்தோராவதில் ராசெஸ்டர் முந்தியது. வேட் பாக்ஸ் அடித்த அடியில் மீண்டும் சமன். குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் கைகளைச் சூடாக்கிக்கொண்டார்கள். விடிகாலை 4.07க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்த நிலையில், ஆட்டத்தை நிறுத்தினார்கள். அப்போது அரங்கில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர்.

ஜூன் 23 அன்று தொடர்ந்தார்கள். பதினெட்டே நிமிடம். டேவ் கோசா அடித்தார், மார்ட்டி பாரெட் ஓடி வந்தார், பாவ்டக்கெட் 3-2. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை. அன்று ஆடிய பாக்ஸும் ராசெஸ்டரின் கேல் ரிப்கனும் பின்னாளில் புகழரங்கில் இடம்பிடித்தார்கள். கோசாவுக்கோ மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆட வாய்க்கவில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதுவது அந்த ஒரே அடிக்காக. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் ஆட்டம் பெரும்பாலும் பத்தாவதிலோ பதினொன்றிலோ முடிந்திருக்கும்.

பிட்சர்களின் தோள் என்னாவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்று இரவு பதினைந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டு நாளை மதியம் வேறு ஊரில் இறங்கும் அணிக்கு வீச ஆள் இருக்காது, காயமும் வரும். ஆனால் அக்டோபர் பிளேஆஃப் ஆட்டங்களில் இதே மேஜர் லீக் இந்த விதியைத் தொடுவதில்லை. 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போய், ஃப்ரெடி ஃப்ரீமனின் ஹோம் ரன்னில் டாட்ஜர்ஸ் 6-5 என்று வென்றது. உயர்ந்த ஆட்டத்துக்கு ஒவ்வாத விதி என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஏப்ரல் குளிரில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் ஏன் அது?

அடியோடு நீக்க மனமில்லை என்றால், பதின்மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து அந்த ஓட்டக்காரரை நிறுத்தட்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் அக்டோபரில் ஆடுவதைப்போலவே, ஆளில்லாத பேஸ்களோடு ஆடவிடட்டும்.