முகத்துவாரத்தின் மீன் கணக்கும் மேல்நாட்டின் கடமையும்

நந்தி மலைப் பிரதேசத்தில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் பகுதி ஏரிகள் கக்கும் நீரையெல்லாம் ஏற்றுக்கொண்டு, ஆனேக்கல் வட்டத்துச் சர்ஜாபுரத்திற்குக் கிழக்கே தெற்கு நோக்கி இறங்கி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் ஆகிய அணைகளில் தங்கித் தங்கிச் சென்று, கடலூருக்கு வடக்கே தாழங்குடாவின் அருகில் வங்கக் கடலோடு சங்கமமாகிறது தென்பெண்ணை. கர்நாடகத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். ஆனேக்கலில் குடியிருப்பவனுக்குச் சமுத்திரம் வெகு தூரம்; ஆயினும் அவன் வீட்டுச் சாக்கடையில் ஓடும் ஜலத்தில் ஒரு பகுதி கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்த முகத்துவாரமே. ஆகையால் அங்கே இன்று எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பில் பெரும் பங்கு ஆற்றின் மேற்பகுதியாகிய மேல்நாட்டைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரம் ஒரு விசித்திரமான பிரதேசம். மடவையும் கிழங்கானும் கெளிறும் அங்கே மேய்கின்றன. கடலோர உவர்நீரில் பிறந்த கொடுவாய்க் குஞ்சுகள் வளர்வதற்காக அதன் வழியே ஆற்றுக்குள் ஏறுகின்றன. விலாங்கோ நேர்மாறாக ஆற்றில் வளர்ந்து, இனம் பெருக்குவதற்கு ஆழ்கடலைத் தேடி அதே வழியாக இறங்குகிறது. இப்படி வருவதும் போவதுமாக இருக்கிற ஜீவராசிகளை வலை வீசிக் கணக்கெடுப்பது எளிதன்று. வலையின் கண் எவ்வளவோ அவ்வளவுக்கே மீன் அகப்படும். சேற்றுக்குள் பதுங்கும் உழுவை அகப்படாது. இரவில் மட்டும் வரும் மீன் பகல் வலைக்குத் தெரியாது. அரிதாகிவிட்ட இனத்தைத் தேடும் முயற்சியிலேயே அதன் கடைசி மீன்களில் ஒன்றைக் கொன்றுவிடவும் நேரும்.

இந்தச் சங்கடத்திற்குத்தான் விஞ்ஞானம் ஒரு சூட்சுமமான வழியைக் கண்டிருக்கிறது. மீனின் உடற்பிசினும் செதிலும் கழிவும் நீரில் கரையும்போது அவற்றோடு அதன் டி.என்.ஏ.வும் கலக்கிறது. ஓரிரு லிட்டர் நீரை மிக நுண்ணிய வடிதாளில் வடித்து, அதில் தங்கியதைப் பிரித்தெடுத்து, பன்மடங்காகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைக் கருவியால் படித்து, முன்னரே அறிந்து பதிந்துவைத்த வரிசைகளோடு ஒப்பிட்டால் அந்நீரில் இருந்த இனங்களின் பெயர்கள் கிடைக்கும். 2008-இல் பிரான்சு நாட்டுக் குளங்களில், அயல்நாட்டிலிருந்து வந்து பெருகிய அமெரிக்கத் தவளையை இம்முறையால் கண்டுபிடித்தார்கள். 2015-இல் ஜப்பானிய அறிஞர் மசாகி மியாவும் அவருடைய தோழர்களும் மீன் இனங்கள் அனைத்துக்கும் பொதுவாகப் பயன்படும், ஏறத்தாழ 170 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு அந்நாட்டு மைசுரு வளைகுடாவில், சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பில், 47 இடங்களில், ஆறே மணி நேரத்தில் முகந்த நீர் 128 வகை மீன்களைக் காட்டிக் கொடுத்ததாக 2017-இல் அறிவித்தார்கள். அவற்றுள் அவ்விடத்தில் வாழக்கூடிய இருபத்துக்கும் மேற்பட்ட இனங்கள், 14 ஆண்டுகளாக நீருக்குள் மூழ்கிக் கணக்கெடுத்தவர்களின் கண்ணில் ஒருமுறையும் படாதவை.

இவ்வளவு பெரிய வெற்றியைக் கேட்டுவிட்டு அம்முறையை அப்படியே தாழங்குடாவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எண்ணுவது பிழையாகும். நீரிலுள்ள டி.என்.ஏ. வெயிலாலும் உஷ்ணத்தாலும் நுண்ணுயிர்களாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிதைகிறது. நம் ஆறுகளின் கலங்கல் வடிதாளை அடைத்துவிடுகிறது. ஏற்றத்தில் கடல்நீரும் வற்றத்தில் ஆற்றுநீரும் மாறி மாறி வந்து வெவ்வேறு கதை சொல்கின்றன. இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கடற்கரையில் இறங்கும் படகுகளைக் கழுவிய நீரும், மீன் சந்தையின் கழிவும், வீடுகளில் வஞ்சிரத்தையும் மத்தியையும் அலசிய நீரும் ஆற்றிலேயே சேர்கின்றன. மங்களூர்க் கடலில் பிடித்த மீனைப் பெங்களூரில் கழுவினால், அதன் சுவடு நம் ஏரிகளிலேயே தென்படக்கூடும். அதைக் கண்டு அங்கே வஞ்சிரம் நீந்துவதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முகத்துவாரத்தில் அதே சுவடு கிடைத்தால், நீந்தி வந்ததா, சமையலறையிலிருந்து வந்ததா என்று தீர்மானிப்பது கடினம். எத்தனை மீன், குஞ்சா சினைமீனா என்பதையும் நீர் சொல்லாது. ஆகவே நீரின் சாட்சியம் வலையின் சாட்சியத்தோடும், தலைமுறை தலைமுறையாக அந்தத் துறையில் தொழில் செய்யும் மீனவர்களின் சாட்சியத்தோடும் சேர்த்தே விசாரிக்கப்பட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு வேண்டிய பதிவேடும் நம்மிடம் பூரணமாக இல்லை. தரங்கம்பாடியிலிருந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பதினெட்டாம் நூற்றாண்டில் அனுப்பிய மீன்களை வைத்து பெர்லின் அறிஞர் பிளாக் பல இனங்களுக்குப் பெயரிட்டார். கத்தாளை மீன்களின் ஒரு பேரினம் இன்றும் அந்தப் பாதிரியாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பின்னர் பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவளக் கழகத்தார் 2011-இல் 115 கடல் மீன்களின் மரபுக் குறியீட்டைத் தந்தார்கள். ஆனால் அப்படிப் பதிவான குறியீடுகளில் பெரும்பாலானவை ஒரு மரபணுவைச் சேர்ந்தவை. நீரைச் சோதிப்பவர்கள் படிப்பது வேறொன்றை. இந்த இடைவெளியை நிரப்ப, மீனைக் கையில் எடுத்து, முள்ளையும் செதிலையும் எண்ணி, இன்ன இனம் என்று உறுதி சொல்லி, அந்த உடலைச் சாராயத்தில் பாதுகாத்து வைக்கும் பழைய படிப்பாளிகள்தாம் வேண்டும். வெள்ளாற்றின் முகத்தில், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் கடல் உயிரியல் நிலையம் கடலூருக்குத் தெற்கே சிறிது தூரத்திலேயே இருக்கிறது. கருவி வாங்கப் பணம் கொடுக்கிறவர்கள் அத்தகைய இடங்களில் ஆள் நியமிக்கவும் கொடுத்தாலன்றி, கருவி படிக்கும் எழுத்துகளுக்குப் பெயர் கிடைக்காது.

முன்கணக்கு இல்லாததால் நேர்ந்த நஷ்டத்திற்குக் காவிரியே உதாரணம். கடலிலிருந்து கொள்ளிடத்தின் வழியே ஏறிவந்த உல்லம் மீனின் பாதையை முதலில் அணைக்கட்டுகள் குறுக்கின. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் மேல்காவிரியில் அது இல்லாமலே போயிற்று. உல்லம் மக்கள் விரும்பி உண்ட மீனாதலால் அது மறைந்தது ஏட்டில் ஏறியது. விலைபோகாத சிறு மீன்கள் எத்தனை அதனோடு மறைந்தன என்பதை இனி எந்தக் கருவியாலும் அறிய முடியாது. தென்பெண்ணைக்கும் அக்கதி வராமல் தடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.

இரு மாநிலங்களும் இந்த ஆற்றின் நீரளவைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியிருக்கின்றன. நீருக்குள் வாழ்பவற்றைப் பற்றியும் அவை சேர்ந்து அக்கறைப்பட வேண்டும். பெங்களூரின் கழிவால் கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். அதே பெங்களூரில், ஆனேக்கல் வட்டத்துப் பொம்மசந்திரம் முதலான இடங்களில், உயிர்த்தொழில் நுட்பத்தில் தேர்ந்த நிறுவனங்களும் வல்லுநர்களும் இருக்கிறார்கள். கழிவை அனுப்பும் ஊரே கணக்கெடுக்கும் செலவையும் ஏற்பது நியாயம். சர்ஜாபுரத்து ஏரிகளில் தொடங்கி, மூன்று அணைகளிலும், முகத்துவாரத்தில் ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதுமாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் நீர் எடுக்கப்பட வேண்டும். வடிதாள்களில் ஒரு பகுதியை உறைகுளிரில் பாதுகாத்து, பதிவேடு நிறைவடையும் காலத்தில் மறுபடி படிக்க வைக்க வேண்டும். கிடைத்த பட்டியல் தமிழிலும் கன்னடத்திலும், மீனவர் வழங்கும் பெயர்களோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.