நாருக்கு விலை வேண்டுமானால்...

கோடை வந்துவிட்டால் பல்லாவரம் முதல் தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரங்களில் இளநீர் மட்டைகள் குவிகின்றன. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வாழைக்கன்றுகள் குப்பை வண்டியில் ஏறுகின்றன. வாழை விவசாயியோ தார் வெட்டிய பிறகு மரத்தை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்கிறார். இவை எல்லாவற்றிலும் நார் இருக்கிறது.

அதே சாலையில் தெற்கே போனால் மறைமலை நகர், மேற்கே திரும்பினால் ஒரகடம். இரண்டும் வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. நடுவே குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் பொறியியல் கல்வி நிறுவனங்கள். சற்று வடக்கே கிண்டியில், 1968இல் தொடங்கப்பட்ட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட். நார், ஆய்வுக்கூடம், தொழிற்சாலை மூன்றும் ஒரே சாலையில் இருந்தும் நாரால் விவசாயிக்குக் கிடைக்கும் வருமானம் சொற்பமே. காரணத்தைப் புரிந்துகொள்ள, நார் எப்படிப் பலகையாகிறது என்று பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் அல்லது பிசினுக்குள் நாரை வைத்து அழுத்தினால், சிமென்டுக்குள் கம்பி போல நார் பலம் தருகிறது. இதுவரை இந்த வேலையைப் பெரும்பாலும் கண்ணாடி இழை செய்துவந்தது. தாவர நாரின் எடை கண்ணாடி இழையில் ஏறத்தாழ பாதிதான். வண்டியின் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம். ஆகவேதான் ஐரோப்பிய கார்களின் கதவு உட்பலகைகளில் ஆளி நாரும் கற்றாழை நாரும் இடம்பிடித்தன. நம் புளிச்சகீரை இனத்தைச் சேர்ந்த கெனாஃப் செடியின் நாரை டொயோட்டா பயன்படுத்தியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் பிறந்து 1957 முதல் 1991 வரை தயாரான டிரபான்ட் காரின் மேற்கூடே பஞ்சுக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்தியதுதான்.

ஆனால் தாவர நாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இயல்பிலேயே ஒட்டாது. நார் தண்ணீரை இழுக்கும், பிளாஸ்டிக் தண்ணீரைத் தள்ளும். நாரின் மேல் மெழுகும் பசையும் படிந்திருந்தால் பிசின் பிடிக்காமல் நாளடைவில் பலகை பிளந்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் கையாளும் வழி, ஐந்து சதவீத அளவிலான காஸ்டிக் சோடா கரைசலில் நாரை ஊறவைத்து, அலசி, உலர்த்துவது. மெழுகு நீங்கி மேற்பரப்பு சொரசொரப்பாகும், பிசின் பற்றிக்கொள்ளும். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தித் துணிக்குக் காஸ்டிக் சோடா பக்குவம் செய்து 1850இல் காப்புரிமை பெற்றார். அதே முறைதான் இதுவும். காரமோ நேரமோ கூடினால் நாரே நைந்துவிடும்.

எவ்வளவு காரம், எவ்வளவு நேரம் என்பது நாருக்கு நார் மாறும். தேங்காய் நாரில் லிக்னின் என்ற மரப்பொருள் ஏறக்குறைய 40 சதவீதம். வாழை நாரில் அது மிகக் குறைவு. வாழையிலேயே ரகம், மரத்தின் வயது, வெளிமட்டையா உள்மட்டையா என்பதைப் பொறுத்து நார் வேறுபடும். தொழிற்சாலை கேட்பது ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரியான நார். நம்மிடம் இருப்பதோ ஒவ்வொரு மூட்டையிலும் ஒவ்வொரு விதம். தமிழக ஆய்வாளர்கள் வாழை, பனை, கற்றாழை, ஏன் சீமைக்கருவேலப் பட்டை நாரைக்கூடப் பரிசோதித்துக் கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். ஆய்வுக்கு ஒரு கிலோ நல்ல நார் போதும். தொழிற்சாலைக்கு டன் கணக்கில் வேண்டும்.

எனவே நாரின் பக்குவம் காஸ்டிக் தொட்டியில் தொடங்குவதில்லை, வயலிலேயே தொடங்கிவிடுகிறது. தார் வெட்டிய ஓரிரு நாளுக்குள் மட்டையை உரித்து நார் எடுக்க வேண்டும், தாமதித்தால் கறுக்கும். சக்கை ஒட்டாமல் சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசி, மண்ணில் பரப்பாமல் கொடியில் உலர்த்த வேண்டும். ரகம் கலக்காமல், நீளம் பார்த்துக் கட்டி, வெட்டிய தேதியை எழுதி, ஈரம் படாத இடத்தில் அடுக்க வேண்டும். வாழை மரத்தின் எடையில் நார் சுமார் ஒரு சதவீதம்தான், மீதி நீரும் சக்கையும். மரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. நார் எடுப்பது கிராமத்திலேயே நடந்தாக வேண்டும்.

காஸ்டிக் பக்குவத்தை மட்டும் கிராமத்தில் செய்யக்கூடாது. ஆய்வக அளவில் ஒரு கிலோ நாருக்குச் சுமார் 20 லிட்டர் கரைசல் பிடிக்கிறது. அதே கணக்கில் ஒரு டன்னுக்கு 20 ஆயிரம் லிட்டர், அலசும் தண்ணீர் தனி. கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் கடைசியில் காரமான கழிவுநீர் மிஞ்சும். அதை ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்சென்னை புறநகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி பகுதியில் தோல் ஆலைக் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்த பிறகுதான் 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தென்னை நார்த் தொழிலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் ‘வெள்ளை’ வகையிலிருந்து ‘ஆரஞ்சு’ வகைக்கு மாற்றியபோது பொள்ளாச்சிப் பக்கம் எழுந்த கொந்தளிப்பும் நினைவிருக்கும். சுத்திகரிப்புக்கு வழி செய்துவிட்டுத் தொழிலைத் தொடங்குவதே முறை.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, நாருக்கு ரகவாரியாகத் தர அளவு வகுக்க வேண்டும். ஈரம், நீளம், சக்கை அளவு ஆகியவை எழுத்தில் இருந்தால்தான் விலை பேச முடியும். இரண்டாவது, மறைமலை நகர், திருமுடிவாக்கம் போன்ற ஒரு தொழிற்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்புடன் கூடிய பொதுப் பக்குவ மையம் அமைத்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கூலி கொடுத்துப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும். தாம்பரம் மாநகராட்சி சேகரிக்கும் இளநீர் மட்டைக்கும் அதுவே வழிகாட்டும். மூன்றாவது, நார் எடுக்கும் இயந்திரத்துக்கு மானியம் தருமுன் வாங்குபவரின் ஒப்பந்தத்தைக் கேட்க வேண்டும். வாங்க ஆளில்லாத இயந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்கும், கடன் மட்டும் வளரும்.

கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. ஆய்வுக்கான நாரை உழவர் நிறுவனங்களிடம் விலை கொடுத்து வாங்கி, எந்த ரகம், எப்படி உலர்த்தியது, எந்த அளவு காரத்தில் நன்றாக ஒட்டியது என்பதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாகத் திருப்பித் தரலாம்.

விரிவாக்கப் பணியாளர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நார் கலந்ததாலேயே பிளாஸ்டிக் பலகை மக்கும் பொருளாகிவிடாது, நாரால் ஒரே ஆண்டில் எவரும் பணக்காரராகவும் முடியாது. வாழைக்கு வருமானம் தார்தான், நார் அதற்கு மேல் வரும் துணை வருமானம். அந்தத் துணை வருமானம் கைக்கு வர, இந்தப் பருவத்தில் தார் வெட்டுவோர் பத்து மரத்தில் நார் எடுத்து, ரகம் பிரித்து, அருகிலுள்ள உழவர் நிறுவனத்திடம் மாதிரி கொடுத்து வையுங்கள். விலை கேட்டு வருபவரிடம் காட்ட, கையில் சரக்கு இருக்க வேண்டும்.