இடைஞ்சல் யாருக்கு?



உங்க வீட்டு வைஃபை ரூட்டரோட கையேட்டைப் புரட்டிப் பாருங்க. எஃப்.சி.சி. விதி, பகுதி 15: கேடான இடைஞ்சல் செய்யக்கூடாது, வருகிற இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ளணும். மில்பிடாஸில் எங்க அப்பாவுக்கு இதைச் சோதிக்கிறதுதான் வேலை.

விதி தேவைதான். ஆம்புலன்ஸ் ரேடியோ தெளிவா கேட்கணும் இல்லையா? ஆனா 'இடைஞ்சல்'னு சொல்றது யாருன்னும் பார்க்கணும்.

1993-ல் பக்கத்து பெர்க்லியில் ஸ்டீபன் டனிஃபர் உரிமமில்லாமல் 'ஃப்ரீ ரேடியோ பெர்க்லி'யைத் தொடங்கினார். அப்போ அவ்வளவு சின்ன நிலையத்துக்குப் புது உரிமமே கிடையாது. 1998-ல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. இப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகு, 2000-ல் எஃப்.சி.சி. 100 வாட் வரையிலான சமூக வானொலிக்கு வழிவிட்டது. உடனே பெரிய ஒலிபரப்பாளர்களின் சங்கம் 'இடைஞ்சல்' என்று கூச்சல் போட்டது. அதே வருஷம் காங்கிரஸ், பெருநகரங்களில் அதற்குக் கிட்டத்தட்ட இடமே இல்லாதபடி செய்தது. காங்கிரஸ் கேட்டு நடந்த மைட்டர் ஆய்வு, அந்தப் பயம் பெரும்பாலும் வீண்னு 2003-லேயே காட்டியது. சட்டம் மாற 2011 ஜனவரி ஆச்சு.

அதுக்கப்புறம் புது நிலையங்களுக்கான விண்ணப்ப வாசல் திறந்தது 2013-லயும் 2023-லயும்தான். இலாப நோக்கமில்லாத அமைப்புகள்தான் விண்ணப்பிக்க முடியும்.

பொறியியல் தெரிஞ்ச அப்பா அம்மாக்கள் நம்ம வீட்டிலேயே இருக்காங்க. அவங்க திறமை கம்பெனிகளுக்கு மட்டும் ஏன் உழைக்கணும்? அமைப்பை இப்பவே பதிவு செய்வோம், விதிகளைச் சேர்ந்து படிப்போம். அடுத்த வாசல் திறக்கும்போது தமிழ்க் குரலும் வரிசையில் நிக்கட்டும்.