மாட்டின் முழங்காலும் மாமியாரின் முழங்காலும்

பசுவுக்கு முழங்கால் எங்கே இருக்கிறது, தெரியுமா சகோதரிகளே? முன்னங்காலில் மடங்குகிறதே, அதைத்தானே காட்டுவீர்கள்? நம் கணக்கில் அது மணிக்கட்டு! அசல் முழங்கால் பின்னங்காலில், வயிற்றை ஒட்டி மேலே ஒளிந்திருக்கிறது.

அந்த மூட்டில் எலும்பு முனைகளை வழவழவென்று போர்த்தியிருப்பது குருத்தெலும்பு. மூட்டு நோயை ஆராயும் விஞ்ஞானிகள் பல சமயம் மாட்டினுடையதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். நம்முடையதும் ஏறக்குறைய அதே சரக்குதான். முக்கால் பங்கு தண்ணீர்! மீதியில் பாதிக்கு மேல் கொலாஜன் என்ற புரதம்.

உங்கள் மூன்று கால் பின்னலை நினைத்துக் கொள்ளுங்கள். கொலாஜனும் மூன்று இழைதான்; பின்னுவதற்குப் பதில் கயிறு போல் முறுக்கியிருக்கும். இதை 1954-லும் 1955-லும் எழுதி உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் ஊர்ப் பெருமை, சொல்லாமல் விடலாமா?

கொலாஜனில் பல வகை உண்டு. தோலில் பெரும்பாலும் முதல் வகை. குருத்தெலும்பிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இரண்டாம் வகை. கடைகளில் டப்பா டப்பாவாக விற்கும் கொலாஜன் பொடிகளில் பல, மாட்டுத் தோலிலும் மீன் தோலிலும் எடுத்தவை. (சைவ வீட்டுக்காரர்கள் லேபிளைப் படித்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்!) எந்த வகையானாலும் வயிற்றில் ஜீரணமாகித் துண்டு துண்டாகிவிடும். முழு இழையாக நேரே முழங்காலுக்குப் போய் ஒட்டிக் கொள்ளாது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். ருசிக்குக் குடியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னார்கள்?

வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் கொலாஜன் புதிதாக ஊறுவது மிக மிகக் குறைவு. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் காரியம். அங்கே ரத்தக் குழாயே கிடையாது. காலை ஊன்றும்போது நீர் பிழிந்து வெளியேறும். எடுக்கும்போது திரும்ப உறிஞ்சிக் கொள்ளும். அந்தப் போக்குவரத்து போஷாக்கு உள்ளே போகவும் உதவுகிறது.

"முட்டி வலிக்கிறது" என்று நாள் முழுதும் நாற்காலியை விட்டு எழாத மாமியாரை என்ன செய்வது? அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். காலையும் மாலையும் பத்துத் தடவை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். வீக்கமோ சூடோ இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.