மனை வாங்கப் போகிறவர்களுக்கு

வடமதுரை என்றதும் கண்ணபிரான் அவதரித்த க்ஷேத்திரத்தை நினைத்துக்கொண்டு விடாதீர்கள். நான் சொல்வது, திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் எங்கள் வடமதுரையை. இந்தப் பக்கம் பிரயாணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நேற்று வரை சோளமும் கடலையும் விளைந்த மானாவாரிக் காட்டில் இன்று சாயம் பூசிய கற்கள் வரிசையாக நிற்கும். வாயிலில் ஓர் அலங்கார வளைவு. அதன்மேல் ஏதோ ஒரு ‘நகர்’ என்ற பெயர். நகரம் மட்டுந்தான் இராது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் அனுப்பி ஜனங்களை அழைத்து வந்து, சாப்பாடும் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே ஆடு வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; தூக்கி எடை பார்க்கிறார்; நடக்கவிட்டுப் பார்க்கிறார். சில ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பரீட்சை! அதே மனிதர் ஐந்து லட்ச ரூபாய் மனையை, வேனிலிருந்து இறங்கிய அரை மணியில் முடித்துக்கொண்டு போய்விடுகிறார். ஓய்வு பெற்ற ஆசிரியரின் சேமநிதியும், பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்த தொகையும் இந்த வழியில்தான் கல்லாகச் சமைகின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023-ஆம் வருஷம் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. ஐந்து லட்சத்துக்கு 45,000 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறையும்; மனைவியின் பெயரில் வாங்க இன்னும் தயங்குகிறவர்களுக்கு இது ஒரு நல்ல சாக்கு! எழுத்துக்கூலி, வக்கீல் கூலி வேறு. ஆகவே, மனையின் விலை பத்தில் ஒரு பங்கு உயர்ந்த பிறகுதான் நமக்கு முதலே திரும்புகிறது. அதுவரை வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. ஐந்து வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத பணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்று மனம் சொன்னால் வேனில் ஏறவே வேண்டாம்.

அவசரத்துக்கு விற்க முடியாத மனை எது? அங்கீகாரம் இல்லாத மனை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு சொல் எங்கள் பக்கத்தில் வெகு காலம் உலவியது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியில்லாமல் ஊராட்சித் தலைவர் போட்ட கையெழுத்துக்கு அந்தப் பெயர். மலிவாகக் கிடைத்ததால் ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று தடை விதித்தது. மகளின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றிருந்தவர்கள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் திகைத்து நின்றார்கள். 2017-இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் ஏற்பட்ட மனைகளுக்கு, கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி செய்தன. பழைய மனையை இப்போது மறு விலைக்கு வாங்குகிறவர்கள், அந்த வரன்முறை உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்கலாகாது.

புதிய மனைப்பிரிவானால் நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டாலோ, மனைகள் எட்டுக்கு மேற்பட்டாலோ, 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு வேண்டும். அதன் எண்ணையும் கேளுங்கள். வரைபடத்தில் காட்டிய சாலை தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்ந்துவிட்டதா என்பதும் முக்கியம். சேராத சாலை, நாளைக்கு இன்னொருவருடைய மனையாகிவிடலாம்!

வில்லங்கச் சான்று பார்த்தாகிவிட்டது என்று பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதியாத உயில் அதில் வராது. கையெழுத்துப் போடாத தமக்கை வரமாட்டாள். இந்தத் தமக்கைதான் விஷயத்தின் மையம். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பிதிரார்ஜித சொத்தில் பங்கு உண்டென்று சட்டமாயிற்று. 2005-இல் தேசம் முழுமைக்கும் வந்தது. தகப்பனார் அன்று உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும், “தங்கச்சிக்குத்தான் அன்றைக்கே நகை போட்டாயிற்றே, சார்!” என்று சொல்லி, அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்கிறார்கள். வாங்கியவர் வீடு கட்டி முடித்த பிறகு பாகப்பிரிவினை வழக்கு வருகிறது. அந்தத் தங்கை செய்வது குற்றமென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வாரிசுச் சான்றை வாங்கி, எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் வாங்கியவர்தான் விசனப்பட வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் காட்டி ‘இதுவே கிரயம்’ என்பவரும் உண்டு. அதனால் உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

சில நிலங்களை விலை பேசவே கூடாது. கோயில் நிலம் ஒன்று. 1892-ஆம் வருஷத்து உத்தரவின் பேரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்னொன்று. 1951-இல் வினோபாஜி தொடங்கிய பூதான இயக்கத்தில், உடைமையாளர்கள் ஏழைகளுக்கென்று மனமுவந்து கொடுத்த நிலம் மற்றொன்று. இவையெல்லாம் மலிவாக வந்தால், மலிவின் காரணம் அதுவேதான். ஏழைக்கென்று தேசம் வைத்த ஏரை நம் வீட்டுக்குத் தூக்கிவருவது சட்டத்துக்கு மட்டுமா விரோதம்?

‘மாதாந்தரத் தவணை கட்டுங்கள், எங்கேயோ ஒரு நிலம் உங்களுடையது’ என்ற திட்டங்களைப் பற்றி ஒரே வார்த்தை. பி.ஏ.சி.எல். என்ற கம்பெனி இப்படித் தேசமெங்கும் ஏறக்குறைய 49,000 கோடி ரூபாய் வசூலித்தது. நிலத்தை விற்றுப் பணத்தைத் திருப்பித் தரும்படி 2016-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்க நேர்ந்தது.

காகிதம் சரியானால் ஒரு திங்கட்கிழமை, வேனும் தரகரும் இல்லாமல், தனியாகப் போய் வாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடையும் வாய்க்காலும் எங்கே போகின்றன என்று பாருங்கள்; சமன்படுத்திய மண்ணுக்கடியில் பழைய நீர்வழி ஒளிந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் தண்ணீர் கொடுத்தது, சித்திரையில் கொடுக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கள் சீமையில் மனையின் விலையைத் தீர்மானிப்பது இந்த ஒரு பதில்தான். தரகர் இதைச் சொல்லமாட்டார். தோட்டத்துக்காரர், மோர் கொடுத்துச் சொல்லுவார்.

பத்திரம் பதிந்தபின் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். பெரிய சர்வே நம்பரில் ஒரு துண்டு வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அவர் அளக்கும் நாளில் நீங்களும் உடனிருந்து, நான்கு கல்லையும் ஊன்றிவிட்டு ஊர் திரும்புங்கள்.