சுண்டைக்காயும் சுமைகூலியும்

"எந்தக் கடையில் சாமான் மலிவு?" வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவர்களிடையே வாரந்தோறும் எழும் கேள்வி இது. ஒருவர் மைடின் என்பார். மற்றவர் லோட்டஸ் என்பார். மூன்றாமவர் ஈக்கோன்சேவ் என்று அடித்துப் பேசுவார். மூவரும் ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துப் பேசுவதால் மூவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். என்னைக் கேட்டால், எல்லாப் பொருளுக்கும் மலிவான கடை என்று ஒன்று கிடையாது.

பேரங்காடிகளின் விளம்பரத் தாளைப் பாருங்கள். எல்லாருக்கும் விலை தெரிந்த சில பொருள்களே அதில் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றில் குறைத்த இலாபத்தை, நாம் விலை பார்க்காமல் கூடையில் போடும் பொருள்களில் கடைக்காரர் ஈடுகட்டிக்கொள்ளலாம். அது வியாபாரம். வாங்கும் நமக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

நானும் என்னோடு தங்கியிருக்கும் தோழிகள் மூவரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு விலை பார்க்கிறோம். பொட்டலத்தின் விலையை விட்டு, கிலோவின் விலையை எழுதுகிறோம். 400 கிராம் பருப்பு 3 ரிங்கிட், ஒரு கிலோ 7 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சிறிய பொட்டலம் மலிவாகத் தோன்றும். ஆனால் அதன் விலை கிலோவுக்கு 7 ரிங்கிட் 50 சென். தமிழ்ப்பள்ளியில் படித்த கணிதமே இதற்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியதில்லை. அரசாங்க மானியம் பெற்ற ஒரு கிலோ பொட்டல எண்ணெய் எந்தக் கடையிலும் 2 ரிங்கிட் 50 சென்தான். கோழிக்கு 2023 நவம்பர் 1-ஆம் தேதியும், முட்டைக்கு 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியும் மானியமும் விலைக் கட்டுப்பாடும் நீங்கின. ஆகவே, கடைக்குக் கடை ஒப்பிட வேண்டியவை இவைதாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் 'பிரைஸ்கேட்சர்' செயலியில் வீட்டிலிருந்தபடியே விலை பார்க்கலாம்.

தாமானில் இருக்கும் நம்மவர் மளிகைக் கடையையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். சீரகமோ மிளகாய்த்தூளோ 100 கிராம் நிறுத்துத் தரும் கடை, நால்வர் சமைக்கும் வீட்டுக்கு வசதி. நடந்தே போய் வரலாம். ஐந்து ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் பத்து ரிங்கிட் கொடுத்துக் கிராப் காரில் போனால், 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கதைதான்.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நம்மில் பலர் செலவழிப்பது பிடிபிடிஎன் கடன் பணம். நாளை நம் சம்பளத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டிய பணம். பருவம் முடியுமுன் கைப்பணம் தீர்ந்து, மூன்று வேளையும் மீ அவித்துத் தின்று தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

புதிய மாணவர்களை வரவேற்க விருந்தும் கலைநிகழ்ச்சியும் நடத்துகிறோம். அன்று அவர்கள் கையில் ஒரு தாளும் கொடுப்போமே! பக்கத்துக் கடைகள், பத்துப் பொருள்கள், கிலோ விலை, போய்வரும் செலவு. இவ்வளவு போதும். மாதம் ஒருமுறை இருவர் பொறுப்பேற்று அதைத் திருத்தி எழுதலாம். முத்தமிழ் வளர்க்கும் நம் சங்கம், தம்பி தங்கையர் பசியாறியிருக்கிறார்களா என்பதையும் பார்க்கட்டும்.